தன் கைப்பட எழுதிய விண்ணப்பம்

வெங்கடசாமி கோப்பைத் திருப்பிக் கேரல் பக்கமாக நகர்த்தி வைத்தார். "நீங்களே பாருங்கம்மா. எவ்ளோ அழகா எழுதியிருக்கான் உங்க தம்பி. இவனுக்கு எதுக்கு இன்னொருத்தர் உக்காந்து எழுதணும்?"

கேரல் பார்த்தாள். உண்மையில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த எழுத்துகள், எல்லாம் ஒரே உயரம், இடப்பக்கம் ஒன்றரை அங்குல மார்ஜின், பத்திக்குப் பத்தி சமமான இடைவெளி. அந்த ஆங்கிலக் கடிதத்தில் கையொப்பத்தைத் தவிர ஒரு எழுத்துகூட அவள் தம்பி கிளிஃபர்ட் எழுதியதல்ல. முழுக்க அவள் எழுதியது. அதன் மேல்மூலையில் சிவப்பு மையில் கல்லூரியின் பரீட்சைக் கமிட்டி ஒரு குறிப்பு போட்டிருந்தது. விண்ணப்பதாரரின் கையெழுத்து தெளிவாகவும் சரளமாகவும் இருக்கிறது. எனவே பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஸ்கிரைப் தேவையில்லை, கூடுதல் நேரமும் தேவையில்லை. கீழே மூன்று கையொப்பங்கள். அந்தச் சிவப்பு மைக்காரரின் எழுத்து கோழி கிளறியதுபோல இருந்ததையும் கேரல் கவனித்தாள். தலை போகிற நேரத்திலும் அவள் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

ஒக்கலிபுரத்தில் ஜெயராஜ் வீட்டில் எழுத வேண்டியது எது வந்தாலும் அது கேரலிடம்தான் போகும். ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், தண்ணீர் வராததற்குப் புகார், வீட்டுக்கு வந்து ஜெபம் செய்து மந்திரிக்கக் கோயில் ஃபாதருக்குக் கடிதம், தம்பியின் பள்ளிக்கூட லீவ் லெட்டர் எல்லாம் அவள் எழுதுவாள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா ஜெயராஜ் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே கையொப்பம் மட்டும் போடுவார். படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "கேரல் எழுதினா தப்பு இருக்காது" என்பார். அவள் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்திலும் அப்படித்தான். ஆண்டு விழா வந்தால் இருநூறு சான்றிதழ்களிலும் பெயர் எழுதுவது அவள் தலையில் விழும். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவாள். ஆனால் வேறு யாராவது எழுத வந்தால் கொடுக்கமாட்டாள்.

கிளிஃபர்டின் கை பி.யூ.சி. இரண்டாம் வருஷத்தில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதல் மூன்று, நான்கு வரிகள் நன்றாக வரும். அதற்கப்புறம் கட்டைவிரல் உள்ளே மடங்கும், மணிக்கட்டு கோணிக்கொள்ளும், பேனா தாளை ஓட்டை போடுகிற மாதிரி அழுந்தும். விட்டுவிட்டு எழுதினால் கொஞ்சம் தேவலை, ஆனால் அடுத்த தடவை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால் அதே கைக்கு வேறு எந்த வேலையிலும் குறை கிடையாது. ஸ்கூட்டர் ஓட்டுகிறான், கேரம் ஆடினால் தெருவில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. "எழுத மட்டும் கை வராதாம், பிரியாணி சாப்பிட நல்லா வருதாம்" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். நரம்பு டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார், எழுதுகிற வேலைக்கு மட்டும் வருகிற தசை இழுப்பு இது, பலருக்கும் வருவதுதான் என்றார், பயிற்சி சொல்லிக் கொடுத்தார், இரண்டு தடவை ஊசியும் போட்டார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

இந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் சேர்ந்த படிப்பு சட்டம். மூன்று மணி நேரப் பரீட்சை, முப்பத்தாறு பக்க விடைத்தாள். பக்கத்தை நிரப்பாதவன் பாஸாகமாட்டான் என்பது சட்டக் கல்லூரியில் எழுதப்படாத சட்டம். கேள்விக்குப் பதில் அவனுக்குத் தெரியும். குளிக்கும்போது பாத்ரூமில் கோர்ட் மாதிரி வாதாடுவது வெளியே கேட்கும். ஆனால் ஹாலில் பதினோராவது பக்கத்தில் நின்றுவிடுவான். இப்படியே இரண்டு பேப்பர் பாக்கி விழுந்து, ஒரு வருஷமும் போயிற்று. ஸ்கிரைப் கேட்கலாம், ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம் என்று தெரிந்தும் அவன் கேட்கவில்லை. கேரம் ஆடுகிறவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்ற வெட்கம். இந்தக் கடைசி செமஸ்டரில்தான் வாய் திறந்தான். "இதுவும் போச்சுன்னா நான் விட்டுர்றேன்க்கா. இன்னொரு தடவ அந்த ஹால்ல உக்காந்து கடிகாரத்தப் பாத்துட்டிருக்க என்னால முடியாது." அவன் கோபத்தில் சொல்லியிருந்தால் கேரல் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். அதனால்தான் பயந்தாள்.

கல்லூரியின் சுற்றறிக்கை, டாக்டர் சான்றிதழோடு மாணவர் தன் கைப்பட எழுதிய விண்ணப்பம் வேண்டும், இது என் சொந்தக் கையால் எழுதியது என்று கடைசி வரியில் உறுதிமொழியும் வேண்டும் என்றது. எழுத முடியவில்லை என்பதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிளிஃபர்ட் எழுதத் தொடங்கினான். பெறுநர், தேதி, பொருள் எல்லாம் ஒழுங்காக வந்தன. கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்தில் கை கோணிக்கொண்டது. எழுத்து வரியைவிட்டு இறங்கி, ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த கேரல் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவன் கொடுத்தான். ஏழு வருஷமாக இப்படி வாங்கியும் கொடுத்தும் பழகிப்போனதால் இருவருக்கும் அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரே தாளில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினாள். விஷயம் முக்கியமானது என்பதால் வழக்கத்தைவிட அழகாகவே எழுதினாள். கடைசி வரி உறுதிமொழியையும் அதே அழகோடு எழுதி முடித்து, கையொப்பத்துக்காக அவன் பக்கம் தள்ளினாள்.

குப்பையில் போட்ட அந்தத் தாளைத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, பரீட்சைப் பிரிவு சூப்பரின்டென்டென்ட் வெங்கடசாமியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வியாழக்கிழமை முதல் பரீட்சை. ஸ்கிரைப் பட்டியல் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். வாயை மூடிக்கொண்டு எழுந்து போனால் தம்பியின் படிப்பு போயிற்று. வாயைத் திறந்தால் உறுதிமொழி பொய்யென்று ஆகும். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், அது என் கையெழுத்து" என்றாள்.

"எது?"

"லெட்டர் முழுசும். நான்தான் எழுதினேன். அவனுக்குத் தெரியாது சார். சைன் மட்டும் வாங்கிக்கிட்டேன், என்ன எழுதியிருக்குன்னு அவன் பாக்கல."

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடி தன்மேல் விழட்டும், ஒரு பள்ளிக்கூட கிளார்க்கை இவர்கள் என்ன செய்துவிட முடியும்?

"தெரியும் சார்" என்றான் கிளிஃபர்ட். "பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். படிச்சுப் பாத்துதான் சைன் போட்டேன்."

கேரல் அவன் காலை மிதித்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

வெங்கடசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆனேக்கல்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர் என்று கிளிஃபர்ட் சொல்லியிருந்தான். அடுத்த மேசையில் கணினியில் பதிவெண்களை ஏற்றிக்கொண்டிருந்த ஸ்னேஹா என்ற பெண் திரையைப் பார்த்தபடியே காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்திருந்தாள்.

"லா ஸ்டூடண்ட் நீ" என்றார் வெங்கடசாமி. "இதுக்கு என்ன பேருப்பா?"

"ஃபால்ஸ் டிக்ளரேஷன் சார்."

"செக்ஷன் தெரியுமா?"

"தெரியும் சார்."

"சொல்ல வேணாம்." கடிதத்தை மடிப்பதுபோல் போய், மடிக்காமல் வைத்தார். "நீங்க சொன்னதை இப்படியே மேல அனுப்பினா கமிட்டி மால்பிராக்டிஸ்னு எழுதிடும். ஸ்கிரைப் மட்டுமில்ல, பரீட்சையே போச்சு. அனுப்பலன்னா நான் கேட்டும் கேக்காத மாதிரி இருக்கணும். எனக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் சர்வீஸ் இருக்கும்மா."

"எழுத முடியாதவன் எப்படி சார் தன் கையால எழுதித் தருவான்?" கேரலின் குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஸ்னேஹாவின் விரல்கள் ஒரு நொடி நின்று மறுபடி தட்டத் தொடங்கின.

வெங்கடசாமி கோபப்படவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவனின் மாமா, பையனுக்கே தெரியாமல் அவன் பெயரில் ஏதோ எழுதிக் கொடுத்துப் பெரிய ரகளையானதாம். அதிலிருந்து எந்த விண்ணப்பமானாலும் சொந்தக் கையெழுத்தில்தான் வாங்குகிறார்களாம். "யாரும் இதுவரைக்கும் இப்படிக் கேக்கல. கேட்டா நியாயம்தான்" என்றார். நியாயம் என்று ஒத்துக்கொள்வதற்கும் அதன்படி ஏதாவது செய்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கும் கேரலுக்குத் தெரியாததல்ல.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "கமிட்டி மூணு மணிக்கு வேற கேஸுக்காக உக்காருது. பழைய லெட்டரை வாபஸ் வாங்கிக்கறேன்னு மேல ஒரு வரி எழுது. அதுக்குக் கீழ நான் சொல்றதை எழுது. ஒரு பக்கம் முழுசா. அதை டாக்டர் சர்டிஃபிகேட்டோட வெச்சுத் தர்றேன். நான் எதுவும் பேசமாட்டேன். தாள் என்ன பேசுதோ அதுதான். ஆய்த்தா?"

"ஆய்த்து சார்" என்று கன்னடத்திலேயே ஒப்புக்கொண்டான் கிளிஃபர்ட்.

கேரலின் கைப்பையில் எப்போதும் மூன்று பேனாக்கள் இருக்கும். எடுக்கப் போனவளை அவர் வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவனிடம் கொடுத்தார். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் பரீட்சை விதிகளை எடுத்து ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தார். மாணவர்கள் அரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும். தாமதமாக வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள். கைப்பேசி கூடாது.

வாபஸ் வரியிலிருந்து தொடங்கி கிளிஃபர்ட் எழுதினான். அழகாக எழுதினான். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த எழுத்துகள், அக்கா எழுத்துக்கும் தம்பி எழுத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். இரண்டு பேரும் ஒரே பள்ளியில், ஒரே சிஸ்டரிடம் நான்கு கோடு நோட்டில் எழுதிப் பழகியவர்கள். ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி. பேனா ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

"நல்லாத்தானேப்பா எழுதற" என்றார் வெங்கடசாமி. அவர் குரலில் கிண்டல் இல்லை, ஒருவித ஏமாற்றம்தான் இருந்தது.

ஏழு வருஷமாக இந்தக் கை குணமாக வேண்டும் என்று வியாழக்கிழமை தவறாமல் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வந்த கேரல், இப்போது, ஆண்டவரே சீக்கிரம் கெட்டுப் போகட்டும், இன்றைக்கு மட்டும் நன்றாக வந்துவிட வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். கெஞ்சியது தெரிந்ததும் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

நான்காவது வரி பாதியில் இருக்கும்போது பியூன் வந்து, பிரின்சிபால் கூப்பிடுகிறார் என்றான். வெங்கடசாமி எழுந்தார். ஹால் டிக்கெட்டைக் கேரலிடம் கொடுத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அவன் எழுதட்டும். ஸ்னேஹா, நீ கொஞ்சம் பாத்துக்கோ. யாரும் அவன் பேனாவைத் தொடக் கூடாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கேரலைத்தான் பார்த்தார்.

அவள் வாசித்தாள். லேபிள் ஒட்டிய தண்ணீர் பாட்டில் அனுமதிக்கப்படாது. ஐந்தாவது வரியில் கட்டைவிரல் ஆட்காட்டி விரலுக்குக் கீழே நழுவியது. அவன் இடது கையால் அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். விடைத்தாளின் முதல் பக்கத்தைத் தவிர வேறு எங்கும் பெயர் எழுதக் கூடாது. மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்தது, அதைத் தொடர்ந்து முழங்கை மேசையைவிட்டு எழும்பித் தோள் காதுப் பக்கம் போனது. எழுத்துகள் சிறுத்தன, பிறகு திடீரென்று பெருத்தன. பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு ஒரு அங்குலம் போயிற்று. அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது.

கேரல் நிறுத்தினாள். அவள் வலது கை தானாகவே மேசைமேல் வந்திருந்தது. வீட்டில் இந்தக் கட்டத்துக்குள் பேனா அவளிடம் வந்திருக்கும். யோசித்துப் பார்த்தால் ஐந்தாவது வரிக்கப்புறம் தம்பி எப்படி எழுதுவான் என்பதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டி வராதபடிக்கு ஒவ்வொரு தடவையும் வாங்கி வாங்கி எழுதியிருக்கிறாள். அதை உதவி என்று நினைத்திருந்தாள். உதவிதான். ஆனால் பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரமும் அவன் இதோடுதான் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாமலே இருந்துவிட்டது.

"போதும்டா" என்றாள். "இதுவே போதும். பாத்தா தெரியும்."

"பக்கம் முடியல."

"கிளிஃப்."

"நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்க்கா." அவன் நிமிரவில்லை. "ஆறு வரி பத்தாது. கை டயர்டுன்னு எழுதிடுவாங்க. சொல்லு."

அழுகை வந்தது. இங்கே அழுதால் அவனுக்கு எழுத ஏதும் இருக்காது என்பதால் அடுத்த விதியை வாசித்தாள். முதல் அரை மணி நேரத்துக்குள் யாரும் ஹாலைவிட்டு வெளியேறக் கூடாது. சொல் சொல்லாகப் பிரித்து, அவன் ஒவ்வொன்றையும் முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். ஒரு சொல்லுக்கு அரை நிமிஷம் ஆயிற்று, பிறகு ஒரு நிமிஷம் ஆயிற்று. 'ஹால்' என்ற சொல் தாளின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டது. அவன் தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தான், எழுந்து நின்று எழுதிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். மூச்சு மூக்கு வழியாகச் சத்தமாக வந்தது. அவள் குரல் மட்டும் நடுங்காமல், பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுக்கிற டீச்சர் குரல்போல ஒரே சீராக ஒலித்தது. எப்படி அப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. எவ்வளவு நேரமாக ஸ்னேஹா தட்டச்சு செய்யாமல் இருக்கிறாள் என்பதையும் அவள் கவனிக்கவில்லை.

கடைசி விதியைச் சொல்லி முடித்தபோது தாளில் இடமும் முடிந்திருந்தது. மேலே நான்கு வரிகள் அச்சுக் கோத்ததுபோல நின்றன. அதற்குக் கீழே இருந்ததை யாராவது காட்டி இதுவும் உன் தம்பி எழுதியதுதான் என்றால் மற்றொரு நாளில் கேரல் நம்பியிருக்கமாட்டாள்.

வெங்கடசாமி திரும்பி வந்தார். நின்றபடியே தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடி மேலே போய்ப் பார்த்தார். கிழிந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். ஸ்னேஹாவைப் பார்த்தார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முகத்தில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாளைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். "மூணு மணிக்கு வெச்சுடறேன். அவங்க என்ன சொல்வாங்கன்னு நான் சொல்ல முடியாது. நாலு மணிக்கு வந்து பாருங்க."

"சரி சார்" என்றாள் கேரல்.

கோப்பை இடுக்கிக்கொண்டு புறப்பட்டவர் நின்றார். சட்டைப்பையைத் தடவி, பேனாவின் மூடியை எடுத்து, கிளிஃபர்ட் பக்கம் கையை நீட்டினார். "பேனா."

கிளிஃபர்டின் வலது கை மேசைமேல் கிடந்தது. ஐந்து விரல்களும் பேனாவைச் சுற்றி மூடியிருந்தன. அவன் இடது கையால் சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தினான். விட்டதும் அது திரும்ப மடிந்துகொண்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்றான்.

கேரலின் கை தம்பியின் கைப்பக்கம் பாதி தூரம் போயிற்று. பிறகு அதைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளிஃபர்ட் மோதிர விரலை நிமிர்த்தினான், அது மடங்கியது, மறுபடி நிமிர்த்தினான். வெங்கடசாமி மூடியை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.